போட்டோவை எந்த அளவில் பிரிண்ட் போடுவது? நம்மூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

போன மாசியில் செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூரில் எங்கள் மாமாவுக்குப் பீமரத சாந்தி (எழுபது வயது விழா) நடந்தது. எங்கெங்கோ இருந்த பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டில், மூன்று வரிசையாக நிற்க வைத்து ஒரே படம் எடுத்தோம். வரிசைக்குப் பதினான்கு பேர். படம் அருமையாக வந்திருந்தது. புள்ளிக்கு (குடும்பத்துக்கு) ஒன்று கொடுக்கலாம் என்று காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் 36 பிரதி சொன்னேன். “எட்டுக்குப் பத்து போட்டுடலாம் ஆச்சி, அதுதான் எல்லாரும் போடுறது” என்றார் அங்கிருந்த தம்பி. சரி என்றேன்.

பிரித்துப் பார்த்தால் இடது ஓரத்தில் நின்ற மாமாவின் ஒன்றுவிட்ட அண்ணனைக் காணவில்லை. வலது ஓரத்தில் என் நாத்தனாரின் கடைக்குட்டிக்கு ஒரு கையும் பாதிச் சட்டையும்தான் மிச்சம். எண்பது வயதை நெருங்கிய பெரியவர், சென்னையிலிருந்து இதற்காகவே காரில் வந்தவர். அவர் இல்லாத படத்தை அவர் வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? 1800 ரூபாய் போனதோடு, மறுபடி போட்டு வாங்குவதற்குள் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம்தான் இந்த அளவு விஷயத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. அளவுக்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள்

“எவ்வளவு பெரிசா போடலாம்?” என்று தொடங்கினால் தப்பாகத்தான் முடியும். அந்தப் படம் எங்கே இருக்கப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கையில் வைத்துப் பார்த்து, ஆல்பத்தில் செருக, உறவுக்காரர்களுக்குக் கொடுக்க என்றால் 4×6 அங்குலம் போதும். கடைக்காரர்கள் இதை மேக்ஸி சைஸ் என்பார்கள். மேசையிலோ அலமாரியிலோ நிற்க வைக்க 6×8 அல்லது 6×9. கூட்டப் படத்தைக் கொடுக்க 8×12. சுவரில் மாட்ட 12×18-லிருந்து தொடங்குங்கள்.

நம்மூர் வீடுகளில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அடுக்கு வீட்டு வரவேற்பறையில் 8×12 படம் கண்ணுக்கு நேராக, நாலடி தூரத்தில் தெரியும். நம் முகப்பிலும் வளவிலும் படங்கள் நிலைக்கு மேலே, சற்று முன்சாய்ந்து தொங்குகின்றன. நாம் பட்டாலை என்கிற மேடைத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறோம். அங்கே 8×12 மாட்டினால் தீப்பெட்டி ஒட்டியது போல இருக்கும். அந்த உயரத்துக்கு 12×18 கூடக் கொஞ்சம் சிறிசுதான், 16×24 வேண்டும். அதே படத்தைப் படுக்கையறையில் கண்மட்டத்தில் மாட்டுவதாக இருந்தால் 8×12 நிறைவாக இருக்கும்.

கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பழைய நாட்காட்டித் தாளையோ செய்தித்தாளையோ நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெட்டி, மேல் விளிம்பில் ஒரு குச்சி வைத்து, நூல் கட்டி, படம் மாட்டப்போகும் ஆணியில் தொங்கவிடுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்காருங்கள். நான் 12×18, 16×24, 20×30 மூன்றையும் வெட்டித் தொங்கவிட்டேன். 20×30 தாள் பக்கத்தில் இருந்த ஐயா படங்களை எல்லாம் சின்னப் பிள்ளைகளாக்கிவிட்டது. “அவுகளை விடப் பெரிசா நம்மளை மாட்டக் கூடாது” என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். 16×24 போட்டோம்.

2. படத்தின் வடிவமும் தாளின் வடிவமும் ஒத்துப்போகிறதா?

நான் விழுந்த குழி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

கேமராவில் எடுத்த படம் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு என்ற வடிவத்தில் இருக்கும். அதாவது 12 அங்குல அகலம் என்றால் 8 அங்குல உயரம். இந்த வடிவம் வெட்டுப்படாமல் உட்காரும் அளவுகள்: 4×6, 6×9, 8×12, 12×18, 16×24, 20×30.

கைப்பேசியில் எடுத்த படம் வழக்கமாக நான்குக்கு மூன்று. இதற்குப் பொருந்துவது 6×8, 9×12, 12×16, 18×24.

8×10, 5×7, 12×15, 16×20 எல்லாம் இந்த இரண்டிலும் சேராதவை. இவற்றில் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் வெட்டித்தான் ஆகவேண்டும். கேமராப் படத்தை 8×10-ல் போட்டால் 12 அங்குலத்தில் 2 அங்குலம் போகிறது, பக்கத்துக்கு ஒன்று. வரிசைக்குப் பதினான்கு பேர் நிற்கும் படத்தில் ஓர் ஆளுக்குக் கிடைப்பதே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், பக்கத்துக்கு ஒருவர் போய்விடுவார். எனக்கு நடந்தது அதேதான்.

கைப்பேசியில் அகலவாக்கில் எடுத்த படத்தை 4×6-ல் போட்டாலும் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும். ஒற்றை ஆள் படத்தில் தலைக்கு மேலே சுவர் மட்டும் போனால் பரவாயில்லை. நின்று எடுத்த படத்தில் பாதம் போய்விடும். காலில் விழுந்து கும்பிடும் படத்தில் கும்பிடுகிற தலையே போய்விடும்.

கடையில் சொல்லவேண்டியது: “ஃபில் வேண்டாம், ஃபிட் போடுங்க.” ஃபில் என்றால் தாள் நிறையும்படி படத்தை வெட்டுவது. ஃபிட் என்றால் படம் முழுவதும் வந்து, மிச்சத் தாள் வெள்ளையாக இருப்பது. அந்த வெள்ளை ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துக்கொள்ளலாம். வெட்டிய ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

படம் எடுப்பதற்கு முன்னாலேயே போட்டோகிராபரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: இரண்டு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எடுக்கட்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் முழுத்திரை வடிவத்தில் எடுக்கவேண்டாம். அந்த அமைப்பு பெரும்பாலும் படத்தின் ஒரு பகுதியை வெட்டித்தான் திரைக்குப் பொருத்துகிறது.

3. கூட்டப் படம் என்றால் தலையை எண்ணுங்கள்

எளிய கணக்கு. நீளமான வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிரிண்ட்டின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஓர் ஆளுக்குக் கிடைக்கும் இடம் வரும். முகம் அதில் ஏறத்தாழ பாதி.

பதினான்கு பேர் வரிசையை 4×6-ல் போட்டால் முகம் அரை சென்டிமீட்டர். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்புரை வந்த அப்பத்தாவுக்குத் தெரியாது. 8×12-ல் ஒரு சென்டிமீட்டர் வரும். கையில் வைத்து “இது யாரு, இது யாரு” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்க அது போதும். 16×24-ல் இரண்டு சென்டிமீட்டர். பட்டாலையிலிருந்து பார்த்தாலே ஆள் தெரியும். கொடுப்பதற்கு 8×12, மாட்டுவதற்கு 16×24 என்று நாங்கள் முடிவெடுத்தது இப்படித்தான்.

தம்பதி படம், ஒற்றைப் படம் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். 12×18-ல் முகம் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் பெரிதாக்கினால் எனக்குப் பிடிப்பதில்லை. கட்சிப் பதாகை போல ஆகிவிடுகிறது.

4. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

வாட்சாப்பில் வந்த படத்தைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நீளப் பக்கத்தில் சுமார் 1600 புள்ளிகள் (பிக்சல்) ஆக்கிவிடுகிறது. கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் துல்லியமாக இருக்கும். 1600 புள்ளியை 300-ஆல் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம். ஆக, 4×6 வரை ஒப்பேறும். 8×12 போட்டால் பட்டுப்புடவையின் கரை கரைந்துபோய் மாவு போலத் தெரியும்.

அளவுக்கு எத்தனை புள்ளி என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 4×6-க்கு 1200×1800. 8×12-க்கு 2400×3600. 12×18-க்கு 3600×5400. சுவரில் எட்ட இருந்து பார்க்கும் படத்துக்கு இவ்வளவு தேவையில்லை, அங்குலத்துக்கு 150-லிருந்து 200 வரை இருந்தாலே நன்றாக இருக்கும். அதனால் 4000×3000 புள்ளிகள் உள்ள ஒரு கைப்பேசிப் படத்தைத் தாராளமாக 12×16 போட்டு மாட்டலாம், நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தால் 18×24 கூடப் போடலாம்.

படம் ஒருவரிடமிருந்து வரவேண்டும் என்றால் வாட்சாப்பிலேயே டாக்குமெண்ட் என்ற வழியாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். போட்டோகிராபரிடம் மூலக் கோப்புகளைப் பென் டிரைவில் தருவதாக முன்பணம் கொடுக்கும்போதே பேசி, ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். ஆல்பம் கைக்கு வந்தபிறகு கேட்டால் “அழிச்சுட்டோம் ஆச்சி” என்ற பதில் வரலாம்.

இன்னொரு பொறி: சின்னப் படத்தைக் கணினியில் “300 டிபிஐ ஆக்கிட்டோம்” என்று கடையில் சொல்வார்கள் (டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). எண் மாறும், படத்தில் இல்லாத கண்ணிமை புதிதாக வந்துவிடாது. முகத்தை மெழுகு பூசியது போல ஆக்கிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

5. பழைய படத்தைப் பிரதி எடுக்கும்போது

நம் வீடுகளில் ரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்த படங்கள் கனத்த அட்டையில் ஒட்டியபடி இருக்கும். பாகம் பிரித்தபிறகு ஒருவர் வீட்டில் மட்டும் தங்கிவிட்ட ஐயா படத்தை மற்றவர்களும் கேட்பார்கள். அதற்கு அளவு முடிவாவது பிரிண்ட் கடையில் அல்ல, ஸ்கேன் செய்யும் இடத்தில்தான்.

4×6 படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600 புள்ளி கிடைக்கும். அதை 8×12 வரை துல்லியமாகவும் 12×18 வரை மாட்டுவதற்கு ஏற்றதாகவும் போடலாம். 2×3 அங்குலச் சின்னப் படம் என்றால் 1200 டிபிஐ வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் 200 டிபிஐ பிடிஎஃப் ஆக எடுத்துத் தந்துவிடுவார்கள். அது பத்திரத்துக்குச் சரி, முகத்துக்கு உதவாது. “600 டிபிஐ, ஜேபெக், முழுத்தரம்” என்று சொல்லிக் கேளுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். ஈரப்பதத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் அடங்காத பெரிய படத்தை, வெயில் நேராகப் படாத முகப்பு வெளிச்சத்தில் நிறுத்தி, எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லி, துணியில் ஓட்டை விட்டுக் கேமராவை நீட்டி எடுங்கள். எதிர்ச்சுவர் கண்ணாடியில் விழாது.

கீறல் விழுந்த படம் என்றால் பிரதியைப் பழைய அளவை விட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்காமல் இருப்பது நல்லது. சுருக்கமும் கீறலும் சேர்ந்து பெரிதாகும்.

மறைந்தவர்களின் படமாக மாட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். மாலை போட்டால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மறையும், மேலேயும் கொஞ்சம் மறையும். முகம் சட்டம் நிறைய இருந்தால் மாலைக்கு நடுவே மூக்கும் வாயும்தான் தெரியும். 12×18 போட்டு, நெஞ்சு வரை வைத்து, தலைக்கு மேலே மூன்று அங்குலம் வெறும் இடம் விடச் சொல்லுங்கள்.

6. சட்டத்தின் அளவு வேறு, படத்தின் அளவு வேறு

ஃபிரேம் கடையில் 12×18 என்றால் உள்ளே போகும் படத்தின் அளவு. வெளிச்சட்டம் பக்கத்துக்கு ஓர் அங்குலம் என்றால் சுவரில் அது 14×20 பிடிக்கும். படத்தைச் சுற்றி அட்டை ஓரம் வைத்தால் இன்னும் கூடும்: 8×12 படத்துக்கு இரண்டங்குல ஓரம் விட்டால் கண்ணாடி 12×16, சட்டத்தோடு 14×18. இரண்டு கதவு நிலைகளுக்கு நடுவே மாட்டுபவர்கள் இந்த வெளி அளவைத்தான் டேப் வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டை ஓரத்துக்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமே. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அட்டையின் கனம் படத்தைக் கண்ணாடியில் தொடாமல் வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவு வாசலில் (திறந்த முற்றத்தில்) சாரல் அடிக்கும் வீடுகளில் படம் ஒட்டிப்போகாமல் இருக்க அதுதான் காவல்.

தாள்: வளவு வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பளபளப்பான கிளாஸி வேண்டாம், வானம்தான் தெரியும். மேட் அல்லது சில்க் கேளுங்கள். கைமாறிப் பார்க்கும் படத்துக்கும் அதுவே, விரல் ரேகை பதியாது. நேர்வெயில் விழும் சுவரில் வண்ணப்படம் எதுவானாலும் வெளுக்கும்.

ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய பழைய முட்டைப் பூச்சுச் சுவரில் புதிதாக ஆணி அடிக்காதீர்கள். சில்லாகப் பெயர்ந்தால் அதேபோல் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலையவேண்டும். இருக்கிற பழைய ஆணியில் மாட்டுங்கள், அல்லது மேலே மரச்சட்டத்திலிருந்து கம்பியில் இறக்குங்கள்.

7. கடையில் கொடுக்கவேண்டிய சீட்டு

வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதி, அதையே ரசீதோடு பின் செய்யச் சொல்லுங்கள். நான் இப்போது எழுதும் சீட்டு இப்படி:

கோப்பு எண் 4127. அளவு 8×12. ஃபிட். சில்க் தாள். 36 பிரதி. நிறத்தைத் தானாகத் திருத்த வேண்டாம். முதலில் ஒன்று போட்டுக் காட்டவும்.

கடைசி வரிதான் உயிர். ஒன்று போட்டு வாங்கி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்து ஆட்கள் முழுதாக இருக்கிறார்களா? இரண்டு ஓரத்திலும் விரல் வைத்து எண்ணுங்கள். மஞ்சள் பட்டு பச்சையாகிவிட்டதா? முகங்கள் வெளுத்துவிட்டனவா? சரி என்றால் மட்டும் மிச்சத்தைப் போடச் சொல்லுங்கள்.

சட்டம் போடும் படத்துக்கு லேமினேஷன் தேவையில்லை. கடையில் கேட்காமலே போட்டுவிடுவதும் உண்டு, வேண்டாம் என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள்.

8. செலவும் நாளும்

விலை கடைக்குக் கடை மாறும். நான் கொடுத்தது: 4×6 ஒன்றுக்கு 15 ரூபாய், 8×12-க்கு 60, 12×18-க்கு 135. பரப்பளவைக் கணக்கிட்டால் நியாயம் புரியும். 8×12 என்பது 4×6-ஐப் போல நான்கு மடங்கு, 12×18 ஒன்பது மடங்கு. யாராவது இந்த விகிதத்துக்கு மிக மேலே கேட்டால் காரணம் கேளுங்கள். சட்டம்தான் பெரிய செலவு: 12×18-க்கு அட்டை ஓரத்தோடு 750 ரூபாய் ஆனது. அதனால் கொடுக்கும் பிரதிகளுக்குச் சட்டம் போடவில்லை. அவரவர் வீட்டுச் சுவருக்கு ஏற்ற சட்டத்தை அவரவர் போட்டுக்கொள்வதே முறை.

4×6 உட்கார்ந்திருக்கும்போதே கிடைத்துவிடும். 8×12 மறுநாள். அதற்கு மேல் என்றால் எங்கள் கடையில் மதுரைக்கு அனுப்பி வாங்கினார்கள், நான்கு நாள் ஆனது. சட்டத்துக்கு மேலும் மூன்று நாள். தை, மாசி, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இதை அப்படியே இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைப் பிரதி எடுக்கும் வேலையை ஆடியிலோ மார்கழியிலோ கொடுத்தால் கடைக்காரர் நின்று நிதானமாகச் செய்து தருவார்.

விசேஷத்தன்றே கொடுக்க ஒரு வழி இருக்கிறது. கூட்டப் படத்தைக் காலையில், பலகாரத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் ஒரு பையனை மூலக் கோப்போடு காரைக்குடிக்கு அனுப்பினால் சாயங்காலம் 4×6 பிரதிகள் வந்துவிடும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கையில் ஒன்று கொடுத்துவிட்டு, 8×12-ஐ அப்புறம் அனுப்பலாம்.

9. எண்ணுவதும் அனுப்புவதும்

எத்தனை பிரதி என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். மொய் ஏட்டை எடுத்து, புள்ளிக்கு ஒன்று என்று குறித்துக்கொண்டு வாருங்கள். தனிக்குடித்தனம் போன பிள்ளைக்கும் ஒன்று, பெண் வீட்டுக்கும் ஒன்று. அதன்மேல் மூன்று கூடுதலாகப் போடுங்கள். எங்களுக்கு அந்த மூன்றும் ஒரே வாரத்தில் போய்விட்டது.

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பிரிண்ட்டை அனுப்புவதைவிடக் கோப்பை அனுப்புங்கள். கூடவே எந்த அளவில் போடவேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் 8×10-ல் வெட்டிவிடுவார்கள். நேரில் வருபவரிடம் கொடுத்தனுப்பினால் இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, நான்கு மூலையிலும் அட்டையோடு அட்டையை மட்டும் ஒட்டுங்கள். டேப் படத்தைத் தொடக்கூடாது. 12×18-க்கு மேல் என்றால் சுருட்டி, தடித்த அட்டைக் குழாயில். தளர்வாகச் சுருட்டுங்கள்.

ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் வரிசைப்படி பெயர்களை எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தியது முன்பக்கம் புடைப்பாகத் தெரியும். மெல்லிய மார்க்கரில் ஓரமாக எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள். பின்வரிசை இடமிருந்து வலமாகத் தொடங்கி, நாள், ஊர், என்ன விசேஷம் என்பது வரை. எங்கள் 36 பிரதிக்கும் எழுத ஒரு மதியம் முழுக்க ஆனது. அத்தை பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பெயராக, இடது ஓரத்தில் நின்ற அந்தப் பெரியவர் பெயரைத்தான் சொன்னார்.